ஹெட்லைட் வளையமும் என் மோதிரமும்

என் வீட்டுக்காரருக்கு அளவில் தப்பே வராது. இதை நான் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு நாலு தடவை அவரே சொல்லுவார். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைக்கும் ஜாடிக்கும் அச்சு செய்கிறவர். அவர் கையில் ஸ்கேல் இருந்தால் எதிரில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அவர் போட்ட என் கல்யாண மோதிரம், நூல் சுற்றினால்தான் விரலில் நிற்கும். அது தட்டான் செய்த தப்பாம்.

பெண்ணாடத்தில், தம்பி வீட்டு வாசலில், அப்பாவின் அம்பாசிடர் கார் நிற்கிறது. எனக்கென்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போனார். தம்பிக்கோ அந்த இடத்தில் ஷெட் போட வேண்டும். "ஞாயித்துக்கிழம பழைய இரும்புக்கு எடுக்க லாரி வருது. அதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போனா போ அக்கா. இல்லன்னா எடைக்குத்தான்" என்று கெடு வைத்துவிட்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எஞ்சின் சரியாகி, பிரேக் சரியாகி, கடைசியில் ஒன்றுதான் பாக்கி. வலப்பக்க ஹெட்லைட் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் வளையம். அது இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அது எப்படித் தொலைந்தது என்று கேட்காதீர்கள். நான் ஓட்டப் பழகியபோது ஒரு கரும்பு டிராக்டர் குறுக்கே வந்து நின்றது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பழைய கார்களைப் பிரித்துப் புதுசாக்கும் பட்டறை ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, உதிரிபாகக் கிடங்கோடு. மாடலுக்கு மாடல் வளையம் மாறும், அளவு அனுப்புங்கள் என்றார்கள். இவர் பெண்ணாடத்துக்குப் போய் இடப்பக்க வளையத்தை அளந்து அனுப்பினார். வந்த வளையமோ விளக்கில் பொருந்தாமல் கழுத்து மாலை மாதிரி தொங்கியது. "அளவு தெரியாதவன்லாம் கடை வச்சா இப்படித்தான்" என்று இவர் குதித்தார். சனிக்கிழமை காலையில் சண்டைக்குக் கிளம்பினோம். எனக்கு வளையமும் வேண்டும், வேடிக்கையும் வேண்டும்.

மூடிப்போன ஒரு செராமிக் ஷெட்தான் இப்போது கிடங்கு. பொம்மைகளைக் காயவைத்த பலகைகளில் கதவுக் கைப்பிடிகளும் ஹாரன்களும் ஸ்டியரிங்குகளும் அடுக்கியிருந்தன. பட்டறைப் பக்கம் ஒரு கார் பெயிண்டெல்லாம் சுரண்டி, சக்கரம் கழற்றி, குளிக்க உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்னாங்க நீங்க, ஏழு இஞ்சு வளையத்துக்கு எட்டு இஞ்சு குடுத்திருக்கீங்க?" என்று இவர் ஆரம்பித்தார்.

முதலாளி போனை நீட்டினார். "நீங்கதான சார் எட்டுன்னு அனுப்புனீங்க?"

எட்டிப் பார்த்தேன். எட்டுதான்.

"அளந்தப்ப ஏழுதான் இருந்துது. ஏழு இருந்தா எட்டுன்னுதான எழுதணும்?" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து நிறுத்தினார்.

"சார் எங்க வேல பாக்குறீங்க?"

"செராமிக்குல. அச்சு."

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சுக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் சேர்த்துத்தான் அளவு போடுவார்கள். "சார், இது தகரம். வேகாது, சுருங்காது! இந்த ஊர்ல நீங்க நாலாவது ஆளு."

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஏழு இஞ்சு வளையம் இருக்கிறதா என்று கேட்டதும் அவர் யோசித்தாரே, அப்போது சிரிப்பு போய், நாளைக்கு வரப்போகும் லாரி ஞாபகம் வந்தது. ஏணி போட்டு ஏறி, நாலு பலகை துழாவி, கடைசியில் தூசியோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பெண்ணாடத்தில் அது டக்கென்று உட்கார்ந்தது. தம்பி லாரிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். நான்தான் வண்டியை எடுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

ஊர் எல்லை தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருந்த என் விரலைப் பார்த்தேன்.

"ஏங்க, இந்த மோதரத்துக்குத் தட்டான்கிட்ட அளவு சொன்னது யாரு?"

இவர் ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்தார்.

"நாளைக்கே சின்னதாக்கிடலாம். அளவு எடுத்துக் குடுக்கறேன்."

"ஐயோ, நீங்க எடுக்காதீங்க. நூலே இருக்கட்டும்."