ஓரமாகப் படுக்க வைத்தவன்

சண்டையிலிருந்து திரும்பி வந்தபோது என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "குண்டு கிண்டு ஏதும் படலையா டாக்டர்?" என்று ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கும்பகோணத்துக்குக் கிழக்கே எனக்கு ஒரு சின்ன கிளினிக். வருஷத்தில் சில வாரம் பயிற்சி, மிடுக்காக ஒரு உடுப்பு, அவ்வளவுதானே என்று பட்டாளத்தின் ரிசர்வ் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன். போர் வந்தது, கூப்பிட்டார்கள், போனேன்.

எல்லையில் ஒரு கூடாரம், ஒரு மேஜை. காயம்பட்டவர்களைப் பின்னால் அனுப்ப வண்டி கிடையாது. பிழைக்கக்கூடியவனை முதலில் தைக்க வேண்டும். பிழைக்க மாட்டான் என்று பட்டால் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்துவிட வேண்டும். முதல் நாள் அதைச் செய்துவிட்டு வாந்தியெடுத்தேன். பத்தாம் நாள் செய்துவிட்டு டீ குடித்தேன்.

திரும்பி வந்த மறுவருஷம், சம்பா அறுப்பு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டுப் பண்ணையார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். பத்து மணிக்குள் வரப்பிலேயே வெட்டிக்கொண்டார்கள். நான்கு பேரை என்னிடம் கொண்டுவந்தார்கள். பண்ணைக் காரியக்காரருக்குத் தோள் பிளந்திருந்தது. அவரோடு பண்ணையாரின் காரில் வந்த வெளியூர் ஆட்களில் ஒருவனுக்கு மூன்று விரல் இல்லை, இன்னொருவனுக்கு மண்டை உடைந்து கண்ணெல்லாம் ரத்தம். நான்காவது ஆள் உள்ளூர்க் கூலிக்காரன். கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். வேல்கம்பு வயிற்றில் பாய்ந்திருந்தது. குடல் வெளியே சரியாமல் அவன் மனைவி ஈரத்துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஒரு பார்வை பார்த்தேன். ஊசி போட்டேன். "அந்த ஓரமா வைங்க" என்று சொல்லிவிட்டுத் தோளைத் தைக்க உட்கார்ந்தேன்.

"டாக்டரய்யா, இவருக்கு ஒண்ணும் செய்யலியே?"

"பொறும்மா, இவங்களை முடிச்சுட்டு வர்றேன்" என்றேன். வருகிற எண்ணமே எனக்கு இல்லை.

தோள், விரல், மண்டை. தரை ரத்தத்தில் வழுக்கியது. வெளியே இரு தரப்பும் கல்லெறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடி நொறுங்கி மருந்துத் தட்டில் விழுந்தது. நான் நிமிரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி வேலை செய்ய இந்த ஜில்லாவில் வேறு யாருக்குத் தெரியும்!

கைகழுவ வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று. கல்லடிக்குப் பயந்து தள்ளி நிறுத்திய காரில் டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எல்லை இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி. அங்கே ஏற்ற ரத்தம் உண்டு, வயிற்றைத் திறந்து தைக்க ஆள் உண்டு. நான் ஒரு அதட்டல் போட்டிருந்தால் டிரைவர் கிளம்பியிருப்பான்.

உள்ளே ஓடி நாடியைப் பிடித்தேன். இல்லை. அவள் இன்னும் துண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கட்டிலோட தூக்கிட்டு ஓடியிருப்பமேய்யா" என்றாள். கத்தவில்லை, சபிக்கவில்லை.

சாயங்காலம் போலீஸ்காரர் காகிதத்தை நீட்டினார். 'எங்கே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.