யார் அந்த அங்கிள்?

லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாதமாக ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் போட்டு ஆடும் கதை விளையாட்டுக்கான புத்தகம் அது. ஞாயிறன்று கதையை நடத்தவேண்டியவர் அவர்தான். அந்தக் கற்பனை உலகத்தின் ஏழு ராஜ்யங்கள், பதினாறு கடவுள்கள், குதிரை லாடத்தின் எடை வரை எல்லாம் நானூறு பக்கத்தில் இருந்தன. இளவரசனைக் கொன்று அரியணை ஏறியவன் மட்டும் வெறும் ‘அங்கிள்’.

“மாமாவா, சித்தப்பாவா? இதைக்கூடச் சொல்லாம என்னத்த எழுதிக் கிழிச்சிருக்கான்?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. யாரு கேக்கப்போறா?”

வெறுத்துப்போய், தாய்மாமன் என்றே வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று கதை தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆட வந்திருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, பகடையைக் கீழே வைத்தான்.

“தாய்மாமன் போய் அக்கா பையனைக் கொல்லுவானா, அத்தான்? உங்க பையனுக்கு நானும் தாய்மாமன்தான்.”

“டேய், அது புத்தகத்துல இருக்குடா.”

“எந்தப் பக்கம்?”

அவர் பக்கங்களைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தார். அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள்.

“என் தம்பியைப் பத்தி மனசுல என்னதான் நினைச்சிட்டிருக்கீங்க?” என்று கேட்டாள்.