பன்னிரண்டு வோல்ட் வண்டி

உள்ளங்கையை வயரின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் டிரைவர். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான். மீட்டர் இருக்கிறது, அதுவும் இரண்டு. ஆனாலும் கை ஒப்புக்கொண்ட பிறகுதான் மீட்டர் சொல்வதை நம்புவார். "மீட்டரு நம்பர் சொல்லும், கைதான் உண்மையைச் சொல்லும்" என்பார். நாம் தலையாட்டும் வரை விடமாட்டார்.

முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவுக்கே அவர் டிரைவர்தான். சோபாவில் உட்கார்ந்து பேசும்போதும் ஒரு கை கியரைத் தேடும். எதையும் தூக்கிப்போட மனசு வராது. லாரியிலிருந்து கழற்றிய பல்பு, ஹோல்டர், வயர்ச் சுருள் என்று ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. "ஒரு நாளைக்கு உதவும்" என்பார் அவர். "அந்த நாள் வர்றதுக்குள்ள நான் இருப்பேனான்னு தெரியல" என்பார் வீட்டம்மா.

பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு கேம்பரை ஏற்றி வைத்திருக்கிறார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. அவ்வளவுதான் அந்த அறை. மகள் இருக்கும் ஊருக்கு அதில் மூன்று நாள் பயணம். நடுவில் பேருக்குக்கூட ஒரு லாட்ஜ் கிடையாது, வண்டியில்தான் படுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். வீட்டம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும். மூக்கில் மாட்டிக் காற்றை ஊதும் மெஷின் இல்லாமல் கண் மூடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக்கித் தர ஒரு இன்வெர்ட்டர் வேண்டும்.

பேத்தி பிறந்த வாரமே மாட்டிவிட்டார். சுவிட்ச் மனைவியின் கைக்கு எட்ட வேண்டும் என்று இன்வெர்ட்டரைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். பாட்டரி இருந்ததோ வண்டியின் மறுகோடியில். இரண்டுக்கும் நடுவே ஷெட்டில் இருந்த பழைய லாரி வயரை இழுத்துவிட்டார். முதல் நாள் பயணத்தில், அந்தம்மா அயர்ந்த நேரத்தில், இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தவரைப் பார்த்து டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்ததும் வண்டியை வீட்டுக்கே திருப்பினார். அதன்பிறகு அந்தம்மா கேம்பர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேத்திக்கு ஐந்து மாதம் ஆனது. போன் திரையைத் தடவிப் பார்ப்பதோடு சரி.

ஒரு நாள் டிரைவர் கொண்டுபோய்க் காட்ட, பாட்டரிக் கடை நடத்தும் அம்மாள் அந்த வயரைக் கையில் வாங்கினார். இரண்டு ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுகிறவர், அன்றைக்கு அவற்றை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, லாரி இருபத்துநாலு வோல்ட்டு. இது பன்னெண்டு. வோல்ட்டு பாதியானா, அதே வேலைக்குக் கரண்டு ரெண்டு மடங்கு ஓடணும். இம்புட்டு மெல்லிசு வயரு, இம்புட்டு நீளம்... பாதி வழியிலயே சோர்ந்து போயிடும்ல?"

முப்பத்தொரு வருட அனுபவத்துக்கு நல்ல மூக்குடைப்பு. இரண்டு நாள் டிரைவர் ஷெட் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டார். பாட்டரியை ஒட்டியே இன்வெர்ட்டர். நடுவில் கட்டைவிரல் தடிமனில், ஒரு முழ நீளத்தில் புதுக் கேபிள். பாட்டரியின் வாசலிலேயே ஃபியூஸ். தலைமாட்டுக்குப் போனவை சுவிட்சின் மெல்லிய வயரும் மெஷினைச் செருக ஒரு பிளக் பாயின்ட்டும் மட்டும். கடைக்காரம்மாள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிடிவாதக்காரர் தோற்றால் முழுசாகத் தோற்பார்.

ஆனால் மனைவியை ஏறச் சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

மகள்தான் காரியத்தை முடித்துவைத்தாள். ஒரு காலையில் போன் செய்து, பாப்பா குப்புற விழுந்துவிட்டாள் என்றாள். அந்தம்மா போனை வைத்தார். மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக வண்டிக்கு வந்தார். முந்தின ராத்திரி சரியாகத் தூங்காத கண்கள். "நான் படுக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் இது ஓடணும். நடுவுல நின்னுச்சுன்னா, பயணப் பேச்சையே விட்டுடணும்" என்றார். அப்போது மணி ஒன்பது.

டிரைவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குக் கீச்கீச்சென்று சத்தம் கேட்டதும் வாளி உருள எழுந்தார். ஓடினால், வீட்டுக்குள் துவைத்து முடித்த வாஷிங்மெஷின் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இரண்டு மணிக்கு மீட்டர் பன்னிரண்டரை வோல்ட். நாலுக்குப் பன்னிரண்டு சொச்சம். கேபிளைத் தொட்டார், சூடே இல்லை. உள்ளே மெஷின் ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணை மடிப்போடு அந்தம்மா இறங்கினார். "மணி அஞ்சா ஆச்சு? இவ்வளவு நேரமா தூங்கினேன்?" என்றார். டிரைவர் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனாக எழுந்து நின்றார். அந்தம்மா முகம் கழுவினார். வராந்தாவுக்குப் போனார். வரிசையாக இருந்த செடித்தொட்டிகளில் ஒன்றைத் தூக்கினார். பக்கத்து வீட்டு கேட்டில் கொண்டுபோய் இறக்கி, "ஒரு மாசத்துக்கு நீங்கதாங்க தண்ணி ஊத்தணும்" என்று குரல் கொடுத்தார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார்.

டிரைவர் இருப்பதிலேயே பெரிய தொட்டியை, சட்டையெல்லாம் மண்ணாக, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.