ஒரே நாளில் பிறந்த இருவரின் ஓட்டம்

ஊர்காவற்றுறை வைத்தியசாலையில், ஒரே நாளில், அடுத்தடுத்த கட்டில்களில் நானும் அவனும் பிறந்தோம். அவன் விடியுமுன் பிறந்தான். நான் காலைப் பூசைக்கு மணி அடித்த பிறகு. இடைவெளி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்று என் தாயார் சொல்லுவார். அவர் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை ஒரு தோல்வியாகக் கேட்டு வளர்ந்தேன்.

பாடசாலை நெடுந்தூர ஓட்டத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவன் முதலாமிடம், நான் இரண்டாமிடம். அவன் மார்பால் அறுத்துச் சென்ற நாடா தரையில் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு நான் போய்ச் சேருவேன். பின்னர் அவன் கனடாவுக்குப் போனான். நான் தமிழாசிரியன் ஆனேன், இடம்பெயர்ந்தேன், திரும்பி வந்தேன். வந்த பிறகு, காலையில் கரம்பொன் வீதியில் தனியாக ஓடும் வழக்கத்தை மறுபடியும் பிடித்துக்கொண்டேன். ஏன் ஓடுகிறேன் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

போர்நிறுத்தம் வந்து இரண்டாம் ஆண்டில், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில், அவன் விடுமுறையில் வந்தான். தலைமயிர் நரைக்கவில்லை; வயிறு வைக்கவில்லை. அவன் வாழும் நகரில் பிறந்தநாளுக்கு வயதுக்கேற்ற மைல்களை நண்பர்களுடன் இரவிரவாக ஓடி முடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டாம். தன் நாற்பதாவது பிறந்தநாளை அவ்விதம் பிறந்த மண்ணிலே கொண்டாட விரும்புவதாகச் சொன்னான். எங்களுடன் படித்தவர்களில் இருவரே அப்போது தீவில் எஞ்சியிருந்தனர். ஒருவன் ஊர்காவற்றுறையில் இரண்டு வள்ளங்கள் வைத்திருந்த மீனவன். மற்றவன் இறுப்பிட்டிக் கடைக்காரன், உடம்பு பெருத்தவன். என்னோடு நால்வர். மூவரும் அவனைச் சுற்றி நின்று வாழ்த்தினோம். அது எனக்கும் பிறந்தநாள் என்பது மற்ற மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கேட்டு வாங்கிய வாழ்த்தாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாதை இலகுவாக அமைந்தது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, புளியங்கூடல், வேலணை கடந்து, பாலத்தால் புங்குடுதீவுக்குப் போய், குறிகட்டுவான் துறையைத் தொட்டுத் திரும்புவது. நாற்பது மைலுக்குக் குறையும் தூரத்தை இறுப்பிட்டிக்குள் ஒரு சுற்று ஓடி நிரப்புவது. கேக்கை மீனவனின் மனைவி செய்துவைப்பதாக ஏற்றுக்கொண்டார். இறங்குதுறைக்கு எதிரே அவர்களுடைய வீடு. அங்கேதான் ஓட்டம் முடியும். அப்போது அவன் ஒரு விதி வகுத்தான்: யார் முதலில் வந்து சேருகிறானோ அவனே கேக்கை வெட்டவேண்டும், பிறந்தநாள்காரன் என்பதற்காகத் தனக்கு எவனும் விட்டுத் தரக்கூடாது. மற்ற இருவரும் அவன் பெருந்தன்மையைப் புகழ்ந்தனர். நான் வேறு கணக்குப் போட்டேன். என் பிறந்தநாளன்று, என் கையால், எவரிடமும் கேளாமல் ஒரு கேக்கை வெட்டும் உரிமை எனக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளில் நான் அவனிடம் வெல்ல விரும்பியது அந்த ஒரு கத்தியைத்தான்.

இரவில் ஓடுவதற்குக் கடற்படையின் இணக்கம் வேண்டும். பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுதித் தந்தார். முகாமில் அதை வாசித்துவிட்டு, ஒரு நிபந்தனையுடன் சம்மதித்தார்கள். பாலத்தின் வேலணைப் பக்கக் காவலரணில் நால்வரும் அடையாள அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பும்போது நால்வரும் ஒன்றாக நின்றால்தான் அட்டைகள் கிடைக்கும். அட்டையின்றி ஒருவரும் அப்பால் போகமுடியாது. அக்காலத்தில் எங்களுக்கு இது புதிய ஏற்பாடு அன்று; அட்டை கொடுத்து அட்டை வாங்கியே பல வீதிகளைக் கடந்திருக்கிறோம். ஆனால் ஓட்டப் போட்டி ஒன்றுக்கு அதன் பொருள் என்ன என்று நான் யோசிக்கவில்லை. அது என் தவறு.

முதற் பாதி அவனுடையது. அவனுடைய சப்பாத்து நிலத்தில் பட்டும் படாமலும் போயிற்று. என் வெள்ளைத் துணிச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் ஓசை எழுப்பியது. இடுப்பில் சிறு போத்தல்கள் செருகிய பட்டி ஒன்று கட்டியிருந்தான். நாங்கள் உவர்க்கிணறுகளின் நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு எது என்று தெரிந்து, அங்கங்கே முன்கூட்டியே கலன்களில் நீர் வைத்திருந்தோம். புளியங்கூடலில் அவன் எங்கள் நீரைப் பருகிவிட்டு, இத்தகைய சுவை அங்கே எந்தப் போத்தலிலும் இல்லை என்றான். மீனவன் மகிழ்ந்தான். அந்தக் கலனை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான் என்று சொல்ல நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

காவலரணில் அட்டைகளைக் கொடுத்தோம். அவனிடம் அட்டை இல்லை; கனேடியக் கடவுச்சீட்டைக் கொடுத்தான். கடமையிலிருந்த சிங்களச் சிப்பாய் அதை இரு கைகளாலும் வாங்கினான். எங்கள் மூவரின் அட்டைகளை ஒரு கையால் வாங்கினான். இதையும் நான் கவனித்தேன். கவனிக்க வேண்டாதவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த இரவு அது.

பாலத்தில் சோளகம் முகத்தில் அறைந்தது. இருபுறமும் கடல், உப்புத் துளிகள் உதட்டில் ஒட்டின. அவன் எங்களுக்கு முன்னால் ஓடிக் காற்றைத் தன் மார்பில் ஏற்றுக்கொண்டான். பின்னால் வருபவர்களுக்குக் காற்றை மறைத்துக்கொடுப்பது கனடாவில் வழக்கமாம். அவன் முதுகின் மறைவில் ஓடுவது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நான் வெறுத்தேன்.

இறுப்பிட்டியில் கடைக்காரனின் மனைவி தேநீர் தந்தார். கணவனின் கால்களைப் பார்த்துவிட்டு, இத்தோடு நிற்பாட்டும்படி சொன்னார். தான் ஓடவில்லை என்றும் வெறுமனே நடந்துகொண்டிருப்பதாகவும் கடைக்காரன் பதில் சொன்னான். உண்மைதான். முதல் மணித்தியாலத்துக்குப் பிறகு அவன் ஓடியதை எவரும் காணவில்லை. இரு கைகளையும் அகட்டி, தாரா வாத்தைப் போல, ஒரே வேகத்தில் நடந்து வந்தான்; நாங்கள் தண்ணீருக்கும் தேநீருக்கும் நின்ற இடங்களில் எல்லாம் எங்களைப் பிடித்துவிட்டான்.

குறிகட்டுவான் துறையில் நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருக்கையில் நள்ளிரவு கடந்தது. எதிரே நயினாதீவின் விளக்குகள் தெரிந்தன. மீனவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கட்டியணைத்தான். கடைக்காரன் கை குலுக்கினான். நானும் கை குலுக்கினேன். "நல்லாயிருக்கவேணும்" என்றேன். என் கை ஒரு கணம் அவன் கையில் தங்கியது. அவனும் எனக்கு அதையே திருப்பிச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் நன்றி சொன்னான்.

அந்த நன்றிதான் என்னை ஓடவைத்தது.

திரும்பும் வழியில் காற்று முதுகில் இருந்தது. புங்குடுதீவைத் தாண்டும்வரை அவனோடு ஒட்டி ஓடினேன். பாலத்தின் தொடக்கத்தில் அவன் சப்பாத்தின் கயிற்றைக் கட்டக் குனிந்தான். நான் நிற்கவில்லை. எங்கள் ஓட்டங்களில் அன்றுதான் முதன்முறையாக அவன் எனக்குப் பின்னால் இருந்தான். நீண்ட பாலம் முழுவதும் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை; அந்த வெறுமை எவ்வளவு அழகானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காவலரணை அடைந்து அட்டையைக் கேட்டேன். சிப்பாய் என் பின்னால் இருளைப் பார்த்தான்.

"நாலு பேர் இல்லே, மாஸ்டர். நாலு பேர் வரோணும். பிறகு தாறன்."

அப்போதுதான் உறைத்தது. நான் எவ்வளவு முன்னால் வந்தாலும், கடைசியாக வருபவனின் வேகமே என் வேகம். கடைக்காரன் தாரா நடையில் பாலத்தைக் கடக்கும்வரை நான் இங்கே நிற்கவேண்டும். மண்மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். வியர்வை காற்றில் குளிர்ந்தது. தொடைகள் விறைக்கத் தொடங்கின.

சிப்பாய்க்கும் பொழுது போகவில்லை. விளக்கின் கீழ் எங்கள் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். கடவுச்சீட்டைத் திறந்தான், என் அட்டையை எடுத்து அதனருகே வைத்தான், மறுபடியும் பார்த்தான். இருவருக்கும் ஒரே திகதி என்று விரலால் காட்டினான். இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் எனக்கும் இன்று பிறந்தநாள்தானே என்றான். ஓம் என்றேன். அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை குலுக்கி, ஒரு பிஸ்கட்டும் தந்தான். அந்த நாளில் என்னை வாழ்த்திய முதல் மனிதன் அவன். என் ஊர் எங்கே, அவன் ஊர் எங்கே.

பிறகு அவன் சாதாரணமாக இன்னொன்றைக் கேட்டான்.

"ரெண்டு பேர்ல ஆர் மூத்தது?"

"நான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்கிறேன். அவன் என்னைத் திரும்பச் சந்திக்கப்போவதில்லை. அந்தப் பொய்யால் எனக்கு எந்த இலாபமும் இல்லை. ஆயினும் அந்தச் சொல் வெளியே வந்ததும் ஓர் இனிமை உடம்பெங்கும் பரவியது. பிஸ்கட்டைக் கடித்தேன்.

முக்கால் மணித்தியாலத்தில் மூவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவன் அவர்களை விட்டு ஓடி வரவில்லை. மீனவனுக்குப் பாதத்தில் கொப்புளம் கண்டதால் அவனைத் தாங்கிக்கொண்டு வந்திருந்தான். சிப்பாய் தலைகளை எண்ணினான். கடவுச்சீட்டை அவனிடம் நீட்டியபடி, என்னைக் காட்டிச் சிரித்தான்.

"மூத்த ஆள் எப்பவோ வந்தது. இளைய ஆள் லேட்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. சிப்பாய் என் அட்டையையும் அவன் கையில் கொடுத்துத் திகதியைத் தொட்டுக் காட்டினான். அவன் கைவிளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"எனக்குப் பிறகு பக்கத்துக் கட்டிலிலையும் ஒரு பெடியன் பிறந்தவன் எண்டு அம்மா சொல்லுறவ" என்றான் மெதுவாக. "அது ஆரெண்டு நான் கேக்கேல்லை."

"டேய் வாத்தி" என்றான் மீனவன், கொப்புளத்தை மறந்து. "இவ்வளவு காலமும் இதை வாய்க்குள்ளையே வைச்சிருந்தனீ? ஒரு சொல்லுச் சொன்னா வாய் நோகுமோ?"

கடைக்காரன் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். மூவரும் வாழ்த்தினார்கள். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது. ஆனால் அது அவனுக்குச் சேரவேண்டிய வாழ்த்திலிருந்து கிள்ளி எடுத்துத் தரப்பட்டதுபோல் இருந்தது. பொறாமை தணியவில்லை. அவன் என் பொய்யை ஒரு சொல்லாலும் சுட்டிக்காட்டவில்லை என்பதற்காக இன்னும் பொறாமைப்பட்டேன். என்னால் அப்படி இருந்திருக்க முடியாது.

வேலணையைத் தாண்டியதும் அவனுடைய வேகம் குறைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கால் நோகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் ஓடச் சொன்னேன்.

"நீ முன்னாலை போ மச்சான்" என்றான். "நீதானே மூத்தவன்."

அது கேலியா கனிவா என்று இருட்டில் தெரியவில்லை. எதுவாயினும் அவன் எனக்குக் கத்தியை விட்டுத் தருகிறான் என்பது தெரிந்தது. தானே வகுத்த விதியைத் தானே மீறுகிறான்.

"நீ விட்டுத் தாற துண்டு எனக்கு வேண்டாம்" என்றேன். நானும் வேகத்தைக் குறைத்தேன்.

அவன் இன்னும் குறைத்தான். நான் நடக்கத் தொடங்கினேன். அவனும் நடந்தான். சரவணையில் இருவரும் ஏறக்குறைய நின்றுவிட்டோம். நாற்பது வயதான இருவர், வெறுமையான வீதியில், ஒவ்வொருவனும் மற்றவனுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்பதற்காக அடிமேல் அடி வைத்தோம். மீனவன் ஒரு மதகில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். இந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகக் கொப்புளத்தையும் தாங்கலாம் என்றான். கடைக்காரன் எங்களைக் கடந்து போனான். கைகளை அகட்டி, அதே நடை. எங்கே போகிறான் என்று மீனவன் கேட்டதற்கு, நின்றால் கால் பிடித்துக்கொள்ளும், ஆகவேதான் போகிறேன் என்று திரும்பாமலே சொன்னான். நாங்கள் இருவரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. அவன் எங்கள் கணக்கில் இல்லை.

புளியங்கூடலில் என் கலனில் நீர் குடித்தோம். நாரந்தனையில் கிழக்கு வெளுத்தது. இறங்குதுறை தெரியும் இடத்தில் அவன் திடீரென்று ஓடத் தொடங்கினான். ஒருவேளை பொறுமை இழந்திருப்பான். ஒருவேளை நான் விரும்பியது அதுவே என்று கண்டுகொண்டிருப்பான். நானும் ஓடினேன். கடைசி இருநூறு மீற்றர் தூரத்தை நாங்கள் பதினாறு வயதில் ஓடியதுபோல் ஓடினோம். மீனவன் வீட்டுப் படலைக் கதவை இருவரும் ஒன்றாகத் தொட்டோம். யார் கை முதலில் பட்டது என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.

உள்ளே, குசினி வாசலில், கடைக்காரன் கதிரையில் சாய்ந்திருந்தான். கையில் கத்தி. மேசையில் கேக், கனடாவிலிருந்து வந்தவனின் பெயரின் நடுவே ஒரு பெரிய வெட்டு. கடைவாயில் தூள்.

"கடை திறக்க நேரமாச்சு" என்றான். "அதாலை வெட்டிப்போட்டன். விதி விதிதானே?"

முதலில் சிரித்தவன் என்னோடு ஓடி வந்தவன்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் கத்தியை விட்டு அகலவில்லை. மீனவனின் மனைவிக்குக் கடைக்காரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். இரண்டு பிறந்தநாள்காரருக்கும் சம அளவில் வெட்டும்படி அவர் சொல்ல, கடைக்காரன் கவனமாக அளந்து வெட்டித் தந்தான். அளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மற்றப் பிறந்தநாள்காரனுடைய துண்டின்மேல் சீனிப்பாகில் செய்த ஒரு சிவப்புப் பூ இருந்தது. என்னுடையதில் இல்லை.

அவன் இனிப்புச் சாப்பிடுவதைக் குறைத்திருந்தானாம். அந்தப் பூவை மெல்லச் சுரண்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். கேட்டிருந்தால் தந்திருப்பான். நான் கேட்கவில்லை.