யார் சாடையும் இல்லாதவள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு வசதி உண்டு. யார் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவள் பல வருடங்களாக அந்த வசதியை அனுபவித்து வந்தாள். கண்ணாடி பிரேமுக்குச் சூடு காட்டிக் காதுக்குப் பின்னால் வளைத்து மாட்டுவாள். மூக்கின் மேல் ஒழுங்காக உட்காருகிறதா என்று குனிந்து பார்க்கும்போது கண் இன்னொரு வேலையும் பார்த்துக்கொள்ளும். இந்த மூக்கு நம் மூக்கு மாதிரியா? இந்தப் புருவம்?

பிறந்த கொஞ்ச நாளிலேயே அவளைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். வளர்த்தவர்கள் தங்கமான மனிதர்கள். ஒரு குறையும் வைக்கவில்லை, விஷயத்தையும் மறைக்கவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியும் அவர்களை நினைத்தால் அவளுக்குக் கண் கலங்கும். ஆனாலும் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி, அப்படியே அத்தை சாடை என்று சொன்னால் போதும், ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள்.

நாற்பத்தைந்தை நெருங்கும்போது இருமல் வந்தது. முதலில் ஏசி மேல் பழியைப் போட்டாள், பிறகு லென்ஸ் தேய்க்கும் தூசி மேல். பஸ் ஓட்டும் கணவனின் நச்சரிப்பு தாங்காமல்தான் ஸ்கேனுக்குப் போனாள். நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சிகரெட்டைப் பற்றித்தான் விசாரித்தார்கள். அவளுக்கு இல்லையென்றால் கணவனுக்காவது இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம். அவனோ பஸ்ஸில் புகை நாற்றம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆளைத் தேடுகிற பேர்வழி. வேண்டுமானால் என் பஸ் புகையைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டியின் துணுக்கைச் சோதித்த டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதில் தெரிந்த மரபணு மாற்றம், வழக்கமாகச் சில காலம் மருந்து சாப்பிட்ட பிறகுதான் கட்டியில் தலைகாட்டுமாம். அவளோ இன்னும் மருந்தே ஆரம்பிக்கவில்லை. ரத்தத்தையும் பார்த்தார்கள். அதிலும் இருந்தது. புகையே பிடிக்காவிட்டாலும் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மாற்றம் அது, பிறவியிலேயே வந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அதற்குத் தோதான மாத்திரை இருப்பதாகவும் சொன்னார்.

மாத்திரையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்போ இது என்னைப் பெத்தவங்க கொடுத்ததா, டாக்டர்?"

"ஆமாம்மா. ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பயந்துவிட்டாள் என்று கணவன் தோளில் கை வைத்தான். பயமும் இருந்தது. ஆனால் பெற்றவர்களுடையது என்று சொல்லிக்கொள்ள முதல் முறையாக ஏதோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது?

சில வாரம் கழித்து மரபணு ஆலோசகர் கூப்பிட்டார். இதே மருத்துவமனையில் இதே அபூர்வ மாற்றத்தோடு இன்னொரு குடும்பம் இருக்கிறது, இரு தரப்பும் சம்மதித்தால் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். சம்மதித்தார்கள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவள்.

மருத்துவமனை கேன்டீனில் சந்தித்தார்கள். சலவைக் கடை நடத்தும் தங்கை, உயரமாக, அகன்ற முகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக் கடைக் கண் நொடியில் அளந்துவிட்டது. மூக்கு வேறு, நெற்றி வேறு, தாடை வேறு. தங்கையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அந்த முகம் வாடியது.

"நீங்க அம்மா மாதிரி இருப்பீங்கன்னு நினைச்சு வந்தேன்," என்றாள் கடைசியில்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதே நோய்தான். அம்மாவும் ஒரு நாள்கூட சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் அம்மா இருந்திருக்கிறாள்.

"அம்மா கண்ணாடி போடுவாங்களா?"

"இல்லக்கா. கடைசி வரைக்கும் கண்ணு நல்லா இருந்துச்சு."

அப்படியென்றால் கடைக்கு வந்திருக்கவே மாட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது..."

தங்கை டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு தடவைகூட சொன்னதில்லக்கா," என்றாள்.

அதற்காகவே அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

தங்கைக்கும் அந்த மாற்றம் உண்டு. அம்மாவைப் பறிகொடுத்த பயத்தில் அதற்கப்புறம் அவள் ஸ்கேன் பக்கமே போகவில்லை. அக்கா விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். தங்கையின் நுரையீரல் இதுவரை சுத்தமாக இருக்கிறது. அக்காவுக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. மத்தியானம் வரை கடைக்குப் போய் வருகிறாள்.

இப்போது ஸ்கேனுக்கு இருவரும் ஒரே நாளில் போகிறார்கள். காத்திருக்கும்போது அவள் அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்பாள். எப்படித் திட்டுவாள், தலைமுடி சுருட்டையா, தூக்கத்தில் புரளுவாளா. சரக்குத் தீர்ந்துபோய், தங்கை சொன்னதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்திரம் கழுவும்போது தனியா பேசிட்டே இருப்பாங்க. போன தடவையே சொன்னேன்ல?"

"பரவால்ல, சொல்லு. என்ன பேசுவாங்க?"

"தெரியலக்கா. குழாய்த் தண்ணி சத்தத்துல எனக்குக் கேட்டதே இல்ல."