பெண்கள் சிறையின் கரண்டக்கா

ஒன்பது வருடம் வார்டராக அவளை உள்ளே வைத்துப் பூட்டியவள் நான். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். என்ன வழக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டாள். நான் வேறு எதற்கு இன்னொன்று கொடுப்பது?

பெண்கள் சிறையில் மோட்டார் நின்றாலும் ஃபேன் முனகினாலும் அவளைத்தான் தேடுவோம். கரண்டக்கா என்பதே பெயராகிவிட்டது. உள்ளே நடந்த வகுப்பில் வயரிங் படித்திருந்தாள். செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. தேர்வாளர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். அவளுக்கோ நான்கு மாதத்தில் விடுதலை. லைசென்ஸ் இல்லாமல் போனால் யார் வேலை தருவார்கள்? தங்கை வீட்டில் வளரும் மகளை எதை நம்பி அழைத்துக்கொள்வாள்?

தேர்வு நாளன்று அவர் உயரமான சுவரைக் காட்டி, "அங்க ஒரு லைட்டு மாட்டும்மா" என்றார். ஏணி வேண்டும். சிறைக்குள் ஏணியும் துப்பாக்கியும் ஒன்று. கண்காணிப்பாளர் கையெழுத்தில்லாமல் வெளியே வராது. அவரோ லீவில் இருந்தார்.

"அப்போ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தேர்வாளர் பையை மூடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் போய்க் குந்தினேன். "என் தோள்ல ஏறுடி."

"மேடம், யூனிஃபார்ம் மேலயா?"

"அழுக்கானா துவைச்சுக்கறேன். ஏறு."

குழாயடிக்கு ஓடிக் காலைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள். இரண்டு கைதிகள் என்னைத் தாங்கிப் பிடிக்க, எழுந்து நின்றேன். மேலே நின்றவள் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சார், கரண்ட் வருது."

"ஆஃப் பண்ணிட்டேனே!" என்றவர் பலகையைப் பார்த்தார். வேறு ஸ்விட்சை அணைத்திருக்கிறார். ஓடிப்போய்ச் சரியான ஸ்விட்சை அணைத்தார். தொட்டிருந்தால் அவளோடு நானும் போயிருப்பேன்.

தேறினாள். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. வரட்டுமே!

இப்போது மகளோடு இருக்கிறாள். போன மாதம் என் வீட்டில் பாதி அறைகளில் கரண்ட் போய்விட்டது. போன் போட்டேன்.

"மூணு நாள் ஆகும் மேடம். வேலை தலைக்கு மேல இருக்கு."

ஒன்பது வருடம் நாங்கள் மணியடித்தால் வந்து நின்றவள், எனக்கு நாள் குறிக்கிறாள்! வேர்வையில் நனைந்துகொண்டே எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்:

"கண்டவங்களை எல்லாம் கை வைக்க விட முடியாது. அவங்க வரட்டும்."