மூன்று குழிகள் தண்ணீர் குடித்தன

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தரை பெயர்ந்து, ஒரு தறியின் நான்கு போல்ட்டுகளும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் புதிதாகப் பதிக்க நானும் கூட்டாளிக் கொத்தனாரும் போயிருந்தோம். சாயங்காலமே தறி ஓட வேண்டுமென்று முதலாளி சீக்கிரம் இறுகும் சிமென்ட் வாங்கி வைத்திருந்தார். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. கால் மணி நேரத்தில் இறுகிவிடும். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

நான் முதல் போல்ட்டுக் குழியை நிரப்பி, போல்ட்டை நேர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூட்டாளி மிச்சம் முழுவதையும் சட்டியில் கொட்டிக் கலந்துவிட்டான். விறைத்ததும், சாதாரணக் கலவைக்குச் செய்கிற பழக்கத்தில் தண்ணீர் தெளித்து இளக்கி, மற்ற மூன்று குழிகளையும் அடைத்துவிட்டான்.

“செத்த கலவைக்கு ஏம்ல தண்ணி ஊத்துன?”

“எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்கு சிமென்ட் பாடம் எடுக்கான். போல அங்குட்டு.”

தாண்டாதவன்தான். இறுகத் தொடங்கியதைக் கலைத்தால் மறுபடி அப்படிப் பிடிக்காது, கூடுதல் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் உள்ளே பொடிப்பொடி ஓட்டையாகும் என்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

மூன்று மணிக்கு முதலாளி வந்து தட்டிப் பார்த்தார். “கல்லு மாரி இருக்கு வே. நட்டை முறுக்கிருவமா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. பாட்டில் தண்ணீரை நான்கு குழிகளின் மேலும் ஊற்றினேன். முதல் குழியில் அப்படியே நின்றது. மற்ற மூன்றும் குடித்துவிட்டன.

“குடிச்சா குடிக்கட்டும். தறி தண்ணியிலயா ஓடுது?”

சுவரோரம் நின்ற, அந்தத் தறியை ஓட்டுகிற பெண் சொன்னாள்: “போல்ட்டு எந்திரிச்சு தறி துள்ளுனா, முன்னால நிக்கது நான்லா அண்ணாச்சி?”

“ஒரு நாள்ல என்னட்டி ஆயிரும்?”

“இன்னைக்கு சுவிட்சைத் தொட மாட்டேன்.” வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யாரிடமும் கேட்காமல் உளியை எடுத்தேன். நாலு அடியில் மூன்று குழிகளும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. கோபம் குறையவில்லை, கூடியது. ஒரு பிடி அள்ளிக் கூட்டாளி கையில் வைத்தேன். நசுக்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சாதாரணச் சிமென்டில் நானும் அப்படித் தெளித்தவன்தான். அப்படிக் கட்டிய வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்மீதே எரிச்சலாக வந்தது.

முதல் குழியிலும் உளியை வைத்தேன்.

“நல்லா இருக்கதை ஏன்வே கொத்துதீரு?”

“பயமா இருக்கு அண்ணாச்சி.”

ஓங்கி அடித்தேன். உளி வழுக்கி ஓடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முணுமுணுத்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு மூட்டை வாங்கப் போனார்.